நூற்றிருபது போளை

மா ஆலையில் இரவு வேலை முடிந்து
சீனன்குடாவிலிருந்து பஸ் திரும்பும்போது
இன்னும் வெளிக்கவில்லை.
நல்லது.
வெளிக்குமுன் வீடு சேரவேண்டும்.
கண்ணாடியில் வெளிச்சம் பட்டதும்
அவை தொடங்கிவிடும்.

பாலையூற்றில், குசினிக்குப் பின்னால்,
தையல் மெஷின் இருந்த மேசையில்
இரண்டடித் தொட்டி.
கோடு போட்ட சீப்ரா மீன், ஒரு பெண், இரண்டு ஆண்.
ஒரு கிழமை பெண்ணைப் பிரித்து வைத்து
நுளம்புக் குடம்பி கொடுத்தேன்.

(டெங்கு பார்க்க வந்தவர்
வளவில் கிடந்த சிரட்டையெல்லாம் கவிழ்த்த அன்று
குடம்பி வாளியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
உள்ளே ஒன்று சிறகு முளைத்துப் பாடியது.
அவருக்குக் கேட்கவில்லை.)

குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து
மருந்து மணம் போனபின் வார்த்தேன்.
பின்னேரம் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர்,
மழை என்று அவை நம்பட்டும்.

இவ்வளவு செய்தும்
இட்ட முட்டையை இட்டவளே தின்பாள்.
வன்மம் ஒன்றுமில்லை.
கீழே விழுகிற எதுவும் அவளுக்குத் தீன்.
போன தடவை நான் பல் தீட்டி வருவதற்குள்
வழித்துத் துடைத்த கோப்பை மாதிரி
தொட்டி.

அதற்குத்தான் போளை.
அடியில் இரண்டு அடுக்குப் பரப்பினால்
முட்டை இடுக்கில் போகும், வாய் போகாது.

பக்கத்து வீட்டு ஜெனோசனிடம் நூற்றிருபது இருந்தது.
"வாடகை ரெண்டு குஞ்சு.
நான்தான் பார்த்து எடுப்பன்."
கொஞ்சம் யோசித்து,
"ஞாயிறு திருப்பித் தரவேணும். ஆட்டம் இருக்கு."

தவமலரின் அண்ணன் கரைவலைக்காரன்.
நேற்று உப்புவெளியில் ஒரு வளைப்பு,
மணலெல்லாம் சூடை.
என் தொட்டிக்கு முன் குந்தியிருந்து கேட்டான்:
"இதைப் பொரிச்சா ஒரு பல்லுக்குக் காணுமா?"
தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.
நான் காற்று மோட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனி.
கை முழுக்க மா. மூன்று தரம் கழுவினேன்.
சன்னல் சாம்பலானது, பிறகு வெள்ளை.
ஆண்கள் அவளைத் துரத்துகிறார்கள்,
மூலையிலிருந்து மூலைக்கு,
விலாவோடு விலா உரசி, ஒரு நடுக்கம்,
அவ்வளவுதான்.
கண்ணாடித் தூள் போல ஏதோ சொரிகிறது.
நீலப் போளைக்கும் பூனைக்கண் போளைக்கும் இடையில்
ஒவ்வொன்றாய்க் காணாமல் போகிறது.

பிறகு மூன்றும் ஒற்றுமையாகத்
தலைகீழாய் நின்று
போளைகளைக் கொத்துகின்றன.
டிக். டிக்.
பசித்தவனுக்கு முன் பூட்டிய கடை.

வலையால் கோலி வாளிக்கு மாற்றினேன்.

ஞாயிறு காலை படலையடியில் ஜெனோசன்,
கையில் வெறும் சீனிப் பை.
"ஒரு நாள் பொறு தம்பி."
"வாக்கு வாக்குத்தான் மாமா."
ஒவ்வொரு போளையாய்,
தூங்குகிற பிள்ளையின் தோடு கழற்றுவது மாதிரி,
விரல் நடுங்காமல் எடுத்தோம்.
அவன் மூச்சைக்கூட அடக்கினான்.
நூற்றிருபதும் வர ஒன்றரை மணி.
மத்தியானம் வந்து சொன்னான்,
முப்பத்தொன்று தோற்றானாம்,
போளையெல்லாம் வழுக்குதாம்.

திங்கள் சில முட்டை வெள்ளை பூத்தது.
உறிஞ்சி எடுத்து எறிந்தேன்.
அன்றிரவு இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை.
நான் வேலையில். மோட்டர் நின்றதாம்.
தவமலர் டோர்ச்சைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு
குவளையால் அள்ளி அள்ளி
மேலிருந்து ஊற்றினாளாம், சொட்டுச் சொட்டாய்.
காலையில் அவள் சொல்லவில்லை.
நனைந்த மேசை சொன்னது.

செவ்வாய்
கண்ணாடியில் ஒட்டிய இமைமயிர்கள்.
ஒவ்வொரு மயிருக்கும் இரண்டு கண்.

இரண்டு நாள் ஒன்றும் தின்னா.
பிறகு அவித்த முட்டை மஞ்சளைத்
துணியில் கட்டிப் பிழிந்தேன்.
ஒரு சொட்டு, ஒரு புகை.
முட்டையில் வந்தவைக்கு முட்டை,
மிச்சம் எனக்குப் பாணோடு.

எத்தனை என்று கேட்கிறார்கள்.
எண்ணினேன்: நாற்பது, பிறகு அறுபத்தேழு,
பிறகு விட்டுவிட்டேன்.

ஜெனோசன் தினமும் வாடகைக்கு வருகிறான்.
மூக்கு கண்ணாடியில் சப்பையாகும்வரை பார்க்கிறான்.
"அதுதான் என்ர."
"எது?"
"அது. அந்தா."
விரல் போய்ச் சேருமுன்
அது இன்னொன்றாகிவிடுகிறது.