சீட்டு

ஒலிபெருக்கியில் பென்த்தி சொல்லிவிட்டான்:
"பன்னிரண்டாம் கொடியில்
கடைசியாய்ப் புறப்பட்ட தைமி
நான்கு நிமிடம் முன்னே. முடிந்த கதை."
கூட்டம் காபிக்கு நகர்ந்தது.

நான் நகரவில்லை.
என் மேஜையில் சிப் பெட்டி, பக்கத்தில்
மழைக்குப் பாலிதீன் போர்த்திய குட்டி அச்சுப்பொறி.
பென்த்தி பார்ப்பது திரையை.
கைனூ காட்டுக்குத் திரை தெரியாது.

பதினான்குக்கு அப்பால் ஒரு சதுப்பு.
வரைபடத்தில் நீலக் கோடுகள், காலுக்கு முழங்கால் ஆழம்.
அக்கரையில், கூப்பிடு தூரத்தில்,
அச்சு அசலாய் இரண்டு பாறை:
ஒன்றில் 61, மற்றதில் 67.
நேற்று மாலை நானே கட்டிய கொடிகள்.

நான்கு நிமிடம் என்றால்
தவறான பாறையை
மூன்று முறை சுற்றி வரும் நேரம்,
அவ்வளவுதான்.

வந்தாள். தாடை வரை சேறு.
கோட்டைத் தாண்டியும் கை உயர்த்தவில்லை.
கைதட்டலைக் கிழித்துக்கொண்டு நேராக என்னிடம்.
விரலில் கட்டிய சிப்பைத் துளையில் நுழைத்தாள்.
மூச்சு விடவில்லை.

பொறி யோசித்தது.
கறகறவென்று தாள் நீள,
அடியில் இருந்த மொத்த நேரத்தை விட்டுவிட்டு
பதினைந்தாம் வரியில் விரல் வைத்தாள்.

61.

அப்புறம்தான் உட்கார்ந்தாள், ஈரப் புல்லில்.
காலணியைக் கழற்றிக் கவிழ்த்தாள்:
அரைக் கோப்பைச் சதுப்பு.
பென்த்தி அதற்குள்
அடுத்த பிரிவுக்குப் போயிருந்தான்.