மிதித்தால் மட்டும்

ஓடும்போது ஒன்றுமில்லை.
மிதித்தால் மட்டும்.

புதுவயல் மில்லில் ஐம்பது சிப்பம் பொன்னி ஏற்றி
கண்டனூர் தாண்டும்வரை வாய் திறக்காத வண்டி
கழனிவாசல் வேகத்தடையில்
ஊரைக் கூட்டுகிறது.

டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு.
பேடு போச்சு என்றான் பால்வண்டிக்காரன்.
கண்ணு பட்டிருக்கு, நாலு எலுமிச்சம்பழம் நசுக்கு
என்றார் மில் கணக்குப்பிள்ளை.
ஹாரன் செலவு மிச்சம்டா என்றவனுக்கு மட்டும்
நான் டீ வாங்கித் தரவில்லை.

ஜைனு ஸ்பேனரை எடுக்கவில்லை.
ஸ்டூலைக் காட்டினார்.
"கிரீச்சா, கரகரவா?"
"ரெண்டும்."
"ரெண்டும்னு ஒரு சத்தம் கிடையாது."
காலையிலயா, நாள் முழுக்கவா?
பாரத்தோடயா, காலியாவா?
மிதிக்கும்போதா, விடும்போதா?
ரிவர்ஸ்ல மிதிச்சா பேசுதா?
பெடல் காலைத் திருப்பி உதைக்குதா?

பாதிக்குத் தெரியாது என்றேன்.
மூன்று வருஷமாக ஒரே வண்டி, ஒரே பாதை.
தெரியாது என்று சொல்ல
கூச்சமாக இருந்தது.

காலி வண்டியின் பின்னால் ஏறினார்.
தகரத்தில் காதை வைத்துக் குப்புறப் படுத்தார்.
"போ. முப்பதுல போய் மிதி."
அரியக்குடி ரோட்டில் மிதித்தேன்.
"மறுபடி."
மறுபடி.
பின்னால் ஸ்கூட்டரில் வந்த டீச்சரம்மா
ஏதோ பிரேதம் போகிறதென்று
தலை குனிந்து ஒதுங்கினார்.
ஜைனு எழுந்து உட்கார்ந்து
ஒன்றுமில்லை என்று கையாட்டினார் பாருங்கள்,
அதுதான் மோசமாகப் போயிற்று.

மூணு சத்தம் என்றார் இறங்கி.

விடியற்காலை வருவது துரு.
ராத்திரிப் பனி டிஸ்கில் பூத்துவிடுகிறது.
ரெண்டு மிதியில் போகும், மறுநாள் வரும்,
அதற்கு மருந்தில்லை.

கரகர, இடது முன்சக்கரம்.
பேடுக்குள் பதிந்து கிடந்தது
மிளகளவு செம்புறாங்கல்.
நான் தினம் மிதிக்க மிதிக்க அது
டிஸ்கில் வட்டம் போட்டுப் பழகியிருந்தது.

கிரீச், வலது.
பேடைத் திருப்பிக் காட்டினார்.
ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு தகடு.
"இதுக்கு வேலையே கத்துறதுதான்.
தேஞ்சு தேஞ்சு இதுவரைக்கும் வந்தா
டிஸ்கைத் தொடும். தொட்டா கத்தும்.
கம்பெனிக்காரன் வச்ச நாக்கு.
நீ எஃப்.எம்மைக் கூட்டி வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கே."

வாஸ்தவம்.
அஞ்சாந்தேதி தவணைக்கு முன்னால்
எந்தச் சத்தமும் எனக்கு
ரூபாயாகத்தான் கேட்கும்.

புது பேடு, பாதிக் காசு, மீதிக்குக் கடன்.
வண்டி பூனை மாதிரி நின்றது.
வீட்டுக்குப் போய் அழகுமீனாளிடம் சொன்னேன்,
சத்தம் நின்னு போச்சு.

"எந்தச் சத்தம்?"

"வண்டியோடது."

"அதா," என்று தட்டில் இட்லியை வைத்தாள்.
"ராத்திரி நீ பல்லைக் கடிக்கிறியே,
அதைச் சொல்றியோன்னு நினைச்சேன்."

கிரீச்சா, கரகரவா என்றேன் விளையாட்டாக.
அவள் சிரிக்கவில்லை.
கரகர என்றாள்.
முதல் தூக்கத்தில் கிடையாது,
ரெண்டு மணிக்கு மேலேதான்.
மல்லாந்து படுத்தா கம்மி,
இடப்பக்கம் சாஞ்சா அதிகம்.
மாசத்துல ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கும்,
ஆறாந்தேதி அடங்கும்.
மழை பேஞ்ச ராத்திரி ஒருநாளும் இல்லை.
உன் தோள்ல கை வச்சா நிக்கும்,
எடுத்தா வரும்.

சட்னி கேட்க வாய் வரவில்லை.
ஒரு கேள்விக்குக்கூட அவள்
தெரியாது என்று சொல்லவில்லை.

மறுநாள் எஃப்.எம்மை அணைத்துவிட்டு
ஐம்பது சிப்பத்தோடு கிளம்பினேன்.
கண்டனூர் வரை ஒன்றுமில்லை.
கழனிவாசலில் மிதித்தேன்.
வண்டியில் ஒன்றுமில்லை.

தாடையைத் தொட்டுப் பார்த்தேன்.
தேதி நாலு.