பென்சில் கோடுகள்

இடமாற்றக் கடிதத்தில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.
எங்கே படுத்துறங்குவது என்று எழுதியிருக்கவில்லை.

"காத்து எப்பிடி?"
பேசாலையிலிருந்து சந்தியோகு கேட்டான்.
எங்கள் ஊர்க் காற்று
கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடுவது.
இங்கே அது ஓடுவதில்லை.
பிழியாத துணிபோல முகத்தில் ஒட்டி நிற்கிறது.
அவனுக்கு இழுப்பு.
"நல்ல காத்து" என்றேன்.

மூன்று நாள் லீவு,
தவச்செல்வத்தின் ஓட்டோ.

ஹட்டன் டவுனில் முதல் வீடு.
கீழே பேக்கரி.
விடிய மூன்றரைக்கே பாண் வேகுமாம்,
பின்சுவர் நாள் முழுக்கச் சூடாம்.
அந்தச் சுவருக்காகவே சம்மதித்திருப்பேன்.
பதினெட்டு மாத அட்வான்ஸ் என்றார்கள்.
தவச்செல்வம் தலையை ஆட்டினான்,
ஆமென்றா இல்லையென்றா,
இந்த ஊர்த் தலையாட்டல்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கொட்டகலையில் ரயில் போனால் அலுமாரி பேசும்.
வீட்டுக்காரி கேட்டாள்:
"யாழ்ப்பாணமா?"
"மன்னார்."
"அதுவும் அந்தப் பக்கந்தானே."
இரண்டையும் ஒரே பக்கமாக மடித்து வைத்துவிட்டு
வாடகையில் மூவாயிரம் ஏற்றினாள்.

மூன்றாவதன் முற்றத்தில் அட்டை.
ஏறியது தெரியவில்லை.
ஓட்டோவில் இருக்கும்போதுதான்
செருப்புக்குள் கால் வழுக்கியது.
பகல் முழுக்க அடுத்தவர் இரத்தத்தைக்
குழாயில் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறவள் நான்.
என்னுடையதைப் பார்த்து
எத்தனையோ வருசம்.

நான்காவதில் புதுப் பெயின்ட் மணந்தது, இளநீலம்.
சுவரில் கை வைத்தேன்.
ஓரிடத்தில் விரல் கொஞ்சம் உள்ளே போனது.
வீட்டுக்காரர் தொலைபேசியில் இருந்தார்,
நான் போகும்வரைக்கும் இருந்தார்.

டிக்கோயாவில் ஐந்தாவது,
தேயிலைச் சரிவுக்குக் கீழே.
சாவியோடு வந்த றிஸ்வி நானா
கூடத்தைக் காட்டவில்லை, குசினியைக் காட்டவில்லை,
நேரே பின்னறைக்குக் கூட்டிப்போனார்.
"மொதல்ல இதப் பாருங்க."

ஜன்னல் மூலையிலிருந்து கீழிறங்கும் வெடிப்பு.
அதன் குறுக்கே சின்னச் சின்னப் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி.

"முந்தி இருந்த பேங்க் மிஸ் போட்டது.
ஆபீஸ்லருந்து வந்து பாத்தாங்க.
மலையில பெழையில்ல,
அத்திவாரந்தான் எறங்குதுன்னாங்க.
கடைசிக் கோடு போட்டு ரெண்டு வருசம்.
அதுக்குப் பொறகு அசையல.
இனி அசையாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.
பெயின்ட் அடிக்கச் சொல்லி வீட்ல ஒரே சண்டை."

குனிந்து வாசித்தேன்.
ஜூன் 3. ராத்திரி முழுக்க மழை.
ஜூன் 4. அரை நூல்.
அக்டோபர் 19. பயமா இருக்கு.
அக்டோபர் 20. ஒன்றுமில்லை, பூனை.

அந்த மிஸ்ஸின் பெயரைக் கேட்கவில்லை.
எழுத்தில் 'ழ' மட்டும்
வாலை இழுத்துக்கொண்டு இரண்டு வரி கீழே போயிருந்தது.

வெளியே வந்து
பீலித் தண்ணீர் விழும் சத்தத்துக்கு இப்பால் நின்று
சந்தியோகுவுக்கு எடுத்தேன்.
"காத்து நல்லதில்ல.
ஈரம். துணி நாலு நாளைக்குக் காயாது.
உனக்கு முட்டும்.
பத்து மணிக்கு வெயில் வருமாம்,
வந்தால்."

அந்தப் பக்கத்தில் கடல் இரைந்தது.
படகு எஞ்சின் ஒன்று இரண்டுமுறை இருமி நின்றது.
"பொய் சொன்னனியோ அண்டைக்கு?"
"ஓம்."
"மீன் கிடைக்குமோ?"
"ஐஸ் பெட்டியில வரும். கண் சிவந்த மீன்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"பம்ப் ரெண்டு கூடுதலா வாங்கி வாறன்" என்றான்.

தவச்செல்வம் ஓட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தான்,
நான் வேண்டாமென்பேன் என்ற நினைப்பில்.

உள்ளே போனேன்.
றிஸ்வி நானா ஜன்னலை மூடிக்கொண்டிருந்தார்,
கொளுக்கி சரியாக விழவில்லை.
ஆறு மாத அட்வான்ஸ் என்றார்.
கையில் நாலுக்குத்தான் இருந்தது.
அதையும் சொன்னேன்.