இடது காது

தண்ணீர் பாட்டில் அட்டையைக் கிழித்து
உள்பக்கத்தில் எழுதினேன்:
டிசம்பர் முப்பத்தொன்று, மஹ்பூலா, நான்காம் மாடி.
இந்த வருடம் எனக்குப் பிடித்த ஆல்பங்கள்.

ஏழு மாதம் சம்பளம் இல்லை.
அகாமா முடிந்து ரோட்டில் இறங்கப் பயம்.
இயர்போனில் இடது பக்கம் மட்டும்தான் பேசும்.

ஒன்று. நார்வேக்காரர் ஒருத்தர், ஒற்றைக் கிடார்,
அவர் ஊர் நாட்டுப்புறப் பாட்டு.
தலைப்புக்கு ‘உப்புக் கதவு’ என்று அர்த்தமாம்.
ஐம்பது டிகிரியில்
அவர் மூச்சு விட்டால் பனி தெரியும்.

இரண்டு. தூத்துக்குடிப் பையன்கள் நாலு பேர், ராக்.
டிரம்ஸ் அடிப்பவனுக்கு யார் மேலோ ஆத்திரம்.
என் கம்பெனி மேல் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதை எழுதி அடித்துவிட்டேன்.
அதைக் கேட்ட ராத்திரிதான்
வீட்டுக்கு அடித்து, சம்பளம் வந்துவிட்டது என்றேன்.

வலது காது சும்மா கிடந்தது.
அதில் ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி,
கீழ்க்கட்டில் மீரான்கனியின் இருமல்,
இரண்டு மணிக்கு மேல்
இருமல் மாதிரியே அவன் அழுவது.

மார்ச்சில் பாக்கி வந்தது, பாதி.
அதற்குள் அவன் அவுட்பாஸில் போயிருந்தான்.
மூன்றரை தினாருக்குப் புது இயர்போன் வாங்கி
உப்புக் கதவைத் திறந்தேன்.

வலது பக்கம் ஒரு பெண்.
அவருக்குச் சற்றுப் பின்னால், தாழ்ந்த குரலில்,
வருடம் முழுக்கக் கூடவே பாடியிருக்கிறாள்.

நல்ல குரல்தான்.
ஆனால் நான்காவது பாட்டில்
இருமல் வரவேண்டிய இடத்திலும் பாடுகிறாள்.

நிறுத்தி, முதலிலிருந்து போட்டேன்,
வலதைக் கழற்றிக்
கீழ்க்கட்டில் பக்கமாகத் தொங்கவிட்டு.