பதினைந்து எழுத்து

திங்கட்கிழமை காலை
வெள்ளைப் பலகையில் ஐந்து எழுத்து எழுதுவது என் வேலை.
சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை.
இந்த வாரம்
சி, ஜி, எச், எம், ஒய்.

"இதில் உயிரே இல்லையே" என்றார் அலிக் ஸ்ட்ராகன்,
ஐஸ் தொட்டியைத் தள்ளிக்கொண்டே.
ஒய் இருக்கிறது என்றேன்.
ஒய் இரட்டை வேடக்காரன்,
ஒரு சொல்லில் உயிர், மறு சொல்லில் மெய்.
ஐந்தும் வரவேண்டும், வரிசை எப்படியும் போகலாம்.
மிக நீளமான சொல்லுக்கு
ஒரு டின் வெண்ணெய் பிஸ்கட்.
வெள்ளிக்கிழமை மூன்று மணி கெடு.

பீட்டர்ஹெட்டில் பிப்ரவரி.
கடல் துறைமுகச் சுவரில் எக்கி
உள்ளே யார் என்று பார்த்துவிட்டு இறங்கும்.
கொட்டகைக்குள் நாற்பது பேர்
ஹாடக் மீனின் முதுகைத் திறந்தபடி
வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள்.
மந்திரம் அல்ல, எழுத்துக்கூட்டல்.

செவ்வாய், யாரோ சைமோகிராஃப் என்று எழுதிப் போனார்கள். ஒன்பது.
புதன், அலிக். ஹைப்போகிளைசீமியா. பதின்மூன்று.
"தேடவே இல்லை. பதினோரு வருஷமாக
என் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று
பையிலிருந்த சர்க்கரைக் கட்டியைத் தட்டிக் காட்டினார்.

இஷ்பெல் பக்கன் ஒன்றும் எழுதவில்லை,
போன வருஷம் ஆறு டின் ஜெயித்தவள்.
அவளுக்கு இப்போது வேறு வழக்கு.
வாசலில் புதிதாக வைத்த ரேகை இயந்திரம்
அவளை ஆள் என்று ஒப்புக்கொள்வதில்லை.
கட்டைவிரலை வைப்பாள். சிவப்பு.
துடைத்து வைப்பாள். சிவப்பு.
முப்பத்தோரு வருஷம் உப்பும் ஐஸும் செதிலும்
தேய்த்துத் தேய்த்து
விரல் நுனியைக் கூழாங்கல்லாக்கிவிட்டன.
தினமும் ஏழு மணிக்கு நான்தான்
அவள் பெயரைப் பேனாவால் எழுதுகிறேன்.
குறுக்கெழுத்தைப் பென்சில் தொடாமல் மையால் நிரப்புகிறவள்,
கைநாட்டு வைக்கத்தான் வரவில்லை.

வியாழன் தேநீர் இடைவேளையில் ஒரு கவரைக் கிழித்தாள்.
நிர்வாகம் அனுப்பிய அபர்தீன் தோல் மருத்துவர்
எழுதிய கடிதம். வந்து மூன்று வாரம்
மேலங்கிப் பையில் மீன்வாடையோடு கிடந்தது.
இரண்டாம் பத்தியில் கண் நின்றது.
உதடு அசைந்தது. விரல்கள் மேசையில் எண்ணின.
கடிதம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று
அப்போது அவள் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டெர்மாட்டோகிளிஃபிக்ஸ்.
தோலில் ஓடும் கோடுகளைப் பற்றிய படிப்பு.
ஒவ்வொன்றாய் அடித்துச் சரிபார்த்தேன்.
பதினைந்து. ஐந்தும் உண்டு.
எந்த எழுத்தும் அதில் இரண்டாம் முறை வரவில்லை.
சொல்லுக்கு ரேகை உண்டென்றால்
இப்படித்தான் இருக்கும்.

வெள்ளி, இரண்டு ஐம்பது.
ராமுனே வந்தாள், கையுறையைக் கழற்றாமலே.
கிளைபேடாவில் பத்து வருஷம்
தியேட்டரில் படம் ஓட்டியவள்,
ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவது பாஷை.
சினிமாட்டோகிராஃபி என்று எழுதினாள். பதினான்கு.
இஷ்பெல் சிரித்தாள்.
ராமுனே இன்னும் முடிக்கவில்லை.
கடைசி ஒய்யைக் கட்டைவிரலால் அழித்தாள்,
ஆறெழுத்து வால் ஒன்றை ஒட்டினாள்.
அழிந்த ஒய் வால் நுனியில்
திரும்பி வந்து உட்கார்ந்தது.
சினிமாட்டோகிராஃபிக்கலி. பத்தொன்பது.

"இப்படி யாராவது பேசுவார்களா?" அலிக் கத்தினார்.
யாரும் பேசுவதில்லை. அகராதியில் இருக்கிறது.
விதி எழுதியவன் நான்,
நீளம் என்று எழுதியிருந்தேன், பொருத்தம் என்று அல்ல.

இஷ்பெல் இரண்டு பிஸ்கட் தின்றாள்.
போகிற போக்கில் சொன்னாள்:
"என்னுடையதற்கும் வால் ஒட்டிப் பார்த்தேன்.
பதினெட்டு. ஒன்று குறைகிறது."

திங்கள் காலை ஏழு. இன்னும் இருட்டு.
இயந்திரத்தின் முன் நின்றாள், விரல் வைக்கவில்லை.
குனிந்து அதன் சின்னக் கண்ணாடியிடம்
அந்தச் சொல்லை
எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.
சிறிது நேரம் அது யோசித்ததுபோல் இருந்தது.
பிறகு சிவப்பு.

"இந்த வாரம் என்ன எழுத்து?" என்றாள்.
இன்னும் முடிவாகவில்லை என்றேன்.
பேனாவைத் திறந்து அவள் பெயரை எழுதினேன்.
பன்னிரண்டு எழுத்து.
பியும் எச்சும் இரண்டு முறை.