இருபத்தாறு போர்டு

ஆ கியோங் கடையில் கொடுத்த காலண்டரில்
சிவப்பு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது:
ஞாயிறுகளுக்கு, பொது விடுமுறைகளுக்கு,
பந்தய நாட்களில் ஓடும் குட்டிக் குதிரைகளுக்கு.
அதனால் தவுக்கேக்கு வலிப்பு வந்த நாட்களைப்
பச்சை மையில் வட்டமிடுகிறேன்.
மார்ச்சில் நான்கு. ஏப்ரலில் ஒன்று.
மே மாதம் ஒன்றுமே இல்லையென்று
இருபத்தொன்பதாம் தேதி
கோமளாவிடம் வாய்விட்டுச் சொன்னேன்.
முப்பதாம் தேதி இரண்டு.

காலை ஏழு, மாலை ஏழு.
ஒன்றரை மாத்திரை,
டின் மத்தியின் சதைக்குள் ஒளித்து.
ஏழுக்கு ஏழு என்பதுதான்
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியின் ஷிப்டும்.
இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.
எட்டு முதல் ஐந்து என்று மாற்றிக் கேட்டபோது
'காரணம்' என்ற கட்டத்தை
ரோஸ்னா பேனாவால் தட்டினாள்.
'குடும்பம்' என்று எழுதினேன்.
அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.
ஓ.டி. போனது, இரவுப் படி போனது,
மோட்டாரின் மாதத் தவணை மட்டும் போகவில்லை.

சுங்கை பட்டாணியில் அண்ணன் மகள் கல்யாணம்.
முகூர்த்த நேரத்தைப் பத்திரிகையில் பார்த்து,
பாலத்து நெரிசலைக் கூட்டி,
பந்திக்கு உட்காராமல் கிளம்பினால்கூட என்று
நான்கு தரம் கணக்குப் போட்டுவிட்டுப்
போகவில்லை.
"ஒரு நாய்க்காகவா?" என்றார் அண்ணன்.
மறுத்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.
நாய்க்காகத்தான்.

மேல்வீட்டுச் சலவை இயந்திரம்
கடைசிச் சுற்றில் தடதடத்தால்
விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.
அவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான்.
சீனப் பெருநாளின் ஒன்பதாம் இரவு
ஜெலுத்தோங் முழுக்க வெடி.
குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு
வாளி நிறைந்து வழிய வழிய
ஈரத் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தேன்,
விடிகாலை இரண்டு மணிவரை.

வலிப்பைக்கூடத் தாங்கலாம்.
அதற்குப் பின் வரும் அரைமணி நேரம்.
எழுந்து நடப்பான், சுவரில் முட்டுவான்,
என்னைக் கண்டு பல்லைக் காட்டுவான்.
ஏழு வருடம் என் காலடியில் படுத்தவனுக்கு
நான் வீட்டுக்குள் புகுந்த யாரோ.
சமையல் மேடையோரம் அசையாமல் நின்று
அவன் பெயரை அல்ல, என் பெயரைச் சொல்வேன்.
பவளம். நான்தான். பவளம்.
முதலில் மூக்குக்குத் தெரியும்.
பிறகு வாலுக்கு.
பிறகு கொலைப்பசி.
நான் மாப் எடுக்கப் போவேன்.

ஒருநாள் கரண்டும் இல்லை, கைப்பேசியும் செத்திருந்தது.
எத்தனை நொடி என்றுதான் டாக்டர் ஊய் முதலில் கேட்பார்.
இருட்டு. அவன் தலைக்கடியில் என் உள்ளங்கை.
கால்கள் நாற்காலியை உதைக்க உதைக்க
எனக்குத் தெரிந்த ஒரே கடிகாரத்தில் எண்ணினேன்:
போர்டு வருகிறது, திருப்பு,
ஈயப் புள்ளிகளைப் பார், தள்ளு.
நான்கு நொடி.
இருபத்தாறாவது போர்டில் நின்றது.

நூற்று நான்கு என்றேன்.
டாக்டர் எழுதிக்கொண்டார்.
எப்படி அளந்தாய் என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.
லைனில் இருபத்தாறாவது வரும்போது
கை தானாக நின்றுவிடுகிறது.
பின்னால் வருவது வந்து இடித்துக்கொண்டு நிற்கும்.
ரோஸ்னா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.
இத்தனை இயந்திரச் சத்தத்திலும்
ஒரு மூச்சு இழுபடுகிறதா என்று
காது கொடுத்துவிட்டு
அடுத்ததை எடுக்கிறேன்.