புள்ளி நான்கு

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
இன்று நாற்பத்திரண்டு என்கிறது.
போன ஜூலை, இதே தேதி, நாற்பத்தொன்று.
மின்கட்டண ரசீதின் முதுகில்
எழுதி வைத்திருக்கிறேன்.

"அது வெயிலில் தொங்குகிறது, எங்ராசியா,
மூன்றைக் கழி" என்கிறார் எதிர்வீட்டு லம்பெர்தோ.
போன வருடமும் அங்கேதான் தொங்கியது.

வானொலியில் சராகோசாவின் சராசரி:
சென்ற கோடையைவிடப் புள்ளி நான்கு கூடுதல்.
புள்ளி நான்கை
எங்கே தொட்டுப் பார்ப்பது?

போன வருடம் இரவு பத்துக்கு
நாயோடு எப்ரோ பாலம்வரை போனேன்.
இப்போது பதினொன்றரை.
நடைபாதையில் புறங்கையை வைத்து
ஏழுவரை எண்ணவேண்டும்.
ஐந்திலேயே கை வந்துவிட்டது.

நாய் படியில் உட்கார்ந்து
என்னையே பார்க்கிறது,
அடுப்பை அணைக்காமல் வந்தவள்
நான்தான் என்பதுபோல.